பொங்கிய பால், பொங்காத பால்

எழுபதுகளின் தொடக்கம். மதுரைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். பால்காரர் விடிகாலையில் எங்கள் தொழுவத்துக்கே வந்து கறப்பார். கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டுவார். மடியில் தண்ணீர் தெளித்து, விரலில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் செம்பில் நுரை ஏறும். மார்கழியில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இருமல் வந்தால் வாயைப் பொத்தி, பொத்திய கையாலேயே கறப்பார். நுரையோடு ஒரு வாய் கேட்டு நாங்கள் நிற்போம். அப்பத்தா அண்டவிட மாட்டாள். "பொங்கட்டும் தாயி, அப்புறம் குடிக்கலாம்." பால் நன்றாகப் பொங்கி அடங்கிய பிறகே டம்ளருக்கு வரும். பச்சைப்பால் வயிற்றுக்கு ஆகாது என்பாள். அவள் சொன்ன காரணம் அவ்வளவுதான்.

இப்போது மகள் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் இருக்கிறாள். போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை பண்ணைக்கு அழைத்துப் போனாள். மாசசூசெட்ஸில் பச்சைப்பாலைக் கடையில் விற்க முடியாது. உரிமம் பெற்ற பண்ணையில் போய் வாங்கலாம். கறப்பது இயந்திரம், குழாயெல்லாம் துருப்பிடிக்காத எஃகு, பால் கண்ணாடிப் புட்டியில். "அம்மா, காய்ச்சாம குடிச்சுப் பாரு. எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க பாரு" என்றாள்.

சுத்தத்தை நம்பி ஏமாந்த ஊர்களே அவைதாம். 1911 மே மாதம் பாஸ்டன், கேம்பிரிட்ஜ், புரூக்லைன் பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கடுமையான தொண்டைப் புண்ணிலும் காய்ச்சலிலும் விழுந்தார்கள். பலர் இறந்தார்கள். பொதுச் சுகாதார அறிஞர் வின்ஸ்லோ ஆராய்ந்தபோது நோயாளிகளில் பெரும்பாலோர் ஒரே பண்ணையின் பாலைக் குடித்தவர்கள் என்று தெரிந்தது. அது மட்டமான பால் அல்ல. நல்ல பெயரெடுத்த பண்ணை. வசதியுள்ள வீடுகள் தேடி வாங்கிய பால். ஆனால் சூடாக்கப்படாதது. அடுத்த குளிர்காலத்தில் சிகாகோவில் சுமார் 10,000 பேரை இதே நோய் பிடித்தது. அங்கே பாலைச் சூடாக்கும் ஏற்பாடு இருந்தும் அது சரியாக நடக்கவில்லை.

கிருமி எங்கிருந்து வந்தது? இந்த நோயைத் தந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மனிதத் தொண்டையில் குடியிருப்பது. டேவிஸ், காப்ஸ் என்ற இரு சிகாகோ மருத்துவர்கள் மனிதரிடமிருந்து எடுத்த அந்தக் கிருமியைப் பசுவின் மடியில் ஏற்றிப் பார்த்தார்கள். மடிநோய் வந்தது; பாலில் கிருமி இறங்கியது. கறப்பவரின் தொண்டையிலிருந்து கைக்கு, கையிலிருந்து காம்புக்கு, காம்பிலிருந்து நூறு வீட்டுக் குழந்தைகளுக்கு. எத்தனை கழுவினாலும் மடிக்குள் புகுந்த கிருமி போகாது. பாத்திரம் பளபளப்பதால் பால் பத்திரமாகிவிடாது.

சூடு ஒன்றுதான் அதை வெல்லும். 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 நொடி போதும். பெனிசிலின் இல்லாத அந்தக் காலத்தில் இதைவிட்டால் வேறு காப்பு இல்லை. இன்று மருந்து இருக்கிறது. ஆனாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காவிட்டால் சில குழந்தைகளுக்கு மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு ஆயுள் முழுக்கப் பழுதாகிறது. நம் நாட்டில் அந்தப் பிள்ளைகள் இன்னும் மருத்துவமனை வரிசைகளில் நிற்கிறார்கள்.

பாலைச் சூடாக்குவது வழக்கமான பிறகு அத்தகைய கொள்ளைநோய்கள் அருகிப்போயின. நோய் கண்ணை விட்டு மறைந்ததும் பயமும் போய்விட்டது. சென்னையிலும் பண்ணையிலிருந்து நேரே வரும் பால் என்று விலை கூட்டி விற்கிறார்கள். வாங்குங்கள், தப்பில்லை. காய்ச்சிக் குடியுங்கள். காய்ச்சினால் சத்தெல்லாம் போய்விடும் என்பது வீண் பயம். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பால்காரர் தொண்டைக்கட்டோடும் இருமலோடும் கறக்க வந்ததற்குக் காரணம், வராத நாளுக்குக் கூலி கிடையாது என்பதே. அவரை வரவேண்டாம் என்று சொல்லிக் கூலியையும் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் யாரும் கொடுக்கவில்லை. புட்டியில் சுத்தம் என்று அச்சடிக்கும் பண்ணைகள் கறக்கும் ஆட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தருகின்றனவா என்று வாங்குகிறவர்கள் கேட்க வேண்டும். பாலின் நலம் கறப்பவர்களுடைய உடல்நலத்திலிருந்தே தொடங்குகிறது.