வயிறு சின்னது, கேள்வி பெரியது

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம். ஈப்போவில் இருந்துகொண்டு தவ்கே (பயறு முளை) கோழிச் சோற்றை விட முடியுமா? (வாசகர், ஈப்போ)

விடவேண்டாம், வரிசையை மாற்றுங்கள். முதலில் தோல் நீக்கிய கோழி, அடுத்து தவ்கே, இடமிருந்தால் சோறு. 100 கிராம் தவ்கேயில் புரதம் சுமார் 3 கிராம்; வெந்த கோழியில் சுமார் 27. மென்று, மெதுவாக. தண்ணீர் அரைமணி நேரம் கழித்து.

புந்தோங் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை) போதாதா? அதிலும் புரதம்தானே? (வாசகி, புந்தோங்)

உங்களுக்கு நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். கடலையிலேயே அதை எடுக்க, கால் கிலோ தின்னவேண்டும். அவ்வளவுக்கு வயிற்றில் இடமிருந்தால் அறுவை சிகிச்சை எதற்கு, அம்மா? முட்டை, மீன், தயிர், தவ்ஃபு, தெம்பே பக்கம் வாருங்கள்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி பருப்புத் தண்ணீரிலேயே திடமாக இருந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்கு மட்டும் ஏன் புரத மாவு? (வாசகர், சுங்கை சிப்புட்)

பாட்டிக்கு முழு வயிறு இருந்தது. 'ஸ்லீவ்' முறையில் உங்கள் இரைப்பையில் முக்கால் பங்குக்குமேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். தண்ணீரை விட்டுவிட்டு அடியில் தங்கிய பருப்பைச் சாப்பிடுங்கள். குறைவதை மாவு நிரப்பட்டும். புரதம் போதாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும், முடி கொட்டும்.

எடை இறங்கிவிட்டதே என்று மருத்துவமனைப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். உங்கள் அளவை உணவியல் நிபுணரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.