தூதரக அத்தை

தூதரக அத்தையிடம் வருடம் கேட்டால் ஊர்தான் பதிலாக வரும். "பெரியவனுக்குக் காது குத்தினது கெய்ரோவுல இருந்தப்போ. இல்லல்ல, அது அடிஸ் அபாபா. கெய்ரோவுல அவனுக்கு அம்மை போட்டுச்சு." இந்திய வெளியுறவுப் பணியில் ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒரு நாடு. காலண்டர் எதற்கு?

மாமா பரீட்சை எழுதி அதிகாரி ஆனவர். அத்தை கழுத்தை நீட்டி அதிகாரி ஆனவர். சம்பளம் மட்டும் கிடையாது. நாற்பது பேருக்கு விருந்து, அதில் நான்கு பேர் சைவம், இருவருக்குப் பன்றி ஆகாது, ஒருவருக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்காரவே ஆகாது. இத்தனையும் மனப்பாடமாக வைத்திருக்கும் எம்.எஸ்சி. இயற்பியல்.

விருந்தில் யார் எங்கே உட்காருவது என்பதற்குச் சட்டமே உண்டு. 1961ஆம் வருடத்து வியன்னா உடன்படிக்கைப்படி, ஒரு தலைநகரில் இருக்கும் தூதர்களுக்குள் முதலில் பொறுப்பேற்றவரே மூத்தவர். வல்லரசின் தூதர் போன மாதம் வந்தவர் என்றால், குட்டித் தீவின் தூதருக்குப் பின்னால்தான். அத்தை இதை ஊருக்கும் கொண்டுவந்துவிட்டார். போன கல்யாணத்தில் கலெக்டர் வேலை பார்க்கும் இளைய மாப்பிள்ளையை முதல் பந்தியில் தலைமாட்டு இலைக்கு அழைத்துப் போனார்கள். அத்தை குறுக்கே வந்து நின்றார். "பெரிய மாப்பிள்ளைக்குத் தாலி கட்டி எத்தனை வருஷம்? அவர்தான் முதல்ல." ரேஷன் கடை ஊழியரான பெரிய மாப்பிள்ளை அன்று அப்பளத்தை நொறுக்கிய சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

உறவினர்களுக்கு அத்தை மேல் ஒரே மனத்தாங்கல்தான். "உங்க பையைத்தான் யாரும் திறக்க முடியாதாமே, இந்த நாலு கிலோ கருவாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துடேன்." திறக்கக் கூடாதது தூதரக முத்திரையோடு அரசாங்கக் கடிதம் போகும் பை, தன் சூட்கேஸ் அல்ல என்று விளக்கி விளக்கி அத்தைக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

வீட்டுச் சண்டைக்கும் அவரிடம் அரசாங்க நடை உண்டு. "நேத்து ராத்திரி மாமாவும் நானும் மனம் திறந்து, ஆக்கபூர்வமா பேசினோம்" என்றால் தட்டு பறந்திருக்கிறது. "பரஸ்பர நலன் சார்ந்த விஷயங்கள்" என்றால் நாத்தனார்.

ஒரு பெயரைச் சொன்னால் மட்டும் குரல் மாறும். இந்திய வெளியுறவுப் பணியில் 1949இல் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசாங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், குடும்பத்தால் வேலை கெடுகிறதென்று தோன்றினால் ராஜினாமாவும் கேட்கலாம் என்று அன்று விதி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். விதி போயிற்று. 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடிந்து எழுதியும் வைத்தார். அத்தையின் சந்தேகம் வேறு: "ஆம்பளை அதிகாரி கல்யாணம் பண்ணா மட்டும் ஏன் யாரும் தடுக்கல? சும்மா வேலை பார்க்க இன்னொரு ஆள் வருதே!"

அத்தையின் சின்ன மகளுக்குப் பள்ளியில் பிரெஞ்சு, வீட்டில் ஆங்கிலம். தமிழ், வாட்ஸ்அப்பில் பாட்டியோடு மட்டும். அதனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எழுபது வயதுத் தமிழ். டெல்லியிலிருந்து வந்த தமிழ் அமைச்சருக்குப் பூங்கொத்து கொடுக்க அவளை நிறுத்தினார்கள். கொடுத்தாள். அவர் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள். "சாப்டியா கண்ணு? ஏன் இப்படி எளைச்சுப் போயிட்ட?" தூதர் கூரையைப் பார்த்தார். அமைச்சர், பாவம், நிஜமாகவே சாப்பிட்டிருக்கவில்லை.

நடுவில் டெல்லிக்கு மாற்றலாகும். கொடி கட்டிய காரைப் பார்த்த கண்ணால் கேஸ் சிலிண்டர்க்காரனுக்காக வாசலைப் பார்க்கும் காலம் அது. பாதிப் பெட்டிகளை அத்தை பிரிப்பதேயில்லை. முதலில் வெளியே வருவது வெட் கிரைண்டர், கடைசியில் உள்ளே போவதும் அதுதான். உலான்பாத்தர் குளிரில் மாவு பொங்காமல் ஹீட்டர் பக்கத்தில் கம்பளி போர்த்தி வைத்த கதையை எல்லா நாட்டுத் தூதர் மனைவிகளும் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த ஆணை வந்த அன்று மாமா வாயெல்லாம் பல்லாக வந்தார். "டோக்கியோ! எல்லாரும் தவம் கிடக்கிற ஊர்."

அத்தை கிரைண்டரைப் பார்த்தார். "அங்க நூறு வோல்ட்டுதான். இது சுத்தாது. வேற நாடு இருக்கான்னு கேட்டுட்டு வாங்க."