குழாய் ஒன்று, கைகள் பல

கேள்வி: இரு நாடுகளுக்கு நடுவே புதிதாக எரிவாயுக் குழாய் போட்டால், அதில் யாருக்கு எவ்வளவு இடம் என்று எப்படி முடிவாகிறது? அமைச்சர்கள் கைகுலுக்கினால் போதாதா?

பதில்: போட்டோவுக்குப் போதும், வங்கி கடன் தராது!

கிரீஸின் கொமோட்டினியிலிருந்து பல்கேரியாவின் ஸ்டாரா சகோராவுக்குப் போகும் 182 கிலோமீட்டர் குழாயையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 கோடி கன மீட்டர் எரிவாயு அதில் போகலாம். முதலில், 'உங்களுக்கு எவ்வளவு தேவை?' என்று நிறுவனங்களிடம் சும்மா கேட்டார்கள். கல்யாணத்துக்கு 'குடும்பத்தோட வந்துடுறோம்' என்பது போன்ற பதில்தான் அது. இலைக்குக் காசு கிடையாது. அடுத்த சுற்றில்தான் கையெழுத்து. பதிவு செய்த இடத்துக்கு, வாயு அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் கட்டணம் உண்டு. அப்படி உறுதியானது 157 கோடி கன மீட்டர். அதிலும் 100 கோடி, பல்கேரியா 2013லேயே அஜர்பைஜானோடு போட்ட ஒப்பந்தத்துக்கானது.

2022 ஏப்ரலில் ரஷ்யா பல்கேரியாவுக்கு வாயுவை நிறுத்தியது. அக்டோபரில் இந்தக் குழாய் திறந்தது. ஏப்ரல்வரை ஆடி அசைந்து நடந்த திட்டம் எல்லோருக்கும் அவசரமாகிவிட்டது!

முழு இடத்தையும் பெரிய கை ஒன்றே வளைத்துக்கொள்ளாதா? அதற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017 விதி ஒன்று இருக்கிறது. புதிய கொள்ளளவில் குறைந்தது 10 சதவீதத்தை நீண்டகால ஒப்பந்தங்களுக்குக் கொடுக்காமல் ஒதுக்கி, பிறகு குறுகியகால ஏலத்தில் விட வேண்டும். தாமதமாக வரும் சின்ன வியாபாரிகளுக்கு அந்தப் பத்துதான் பிடிமானம்.