கம்பெனி ஃபிட்டிங்

இடம்: காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில் மாகறல். சாலையோரம் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை.

ஜரிகையார்: தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துச் சேலை வாங்கி விற்பவர். தறியில் உட்கார்ந்ததில்லை.

வயர்க்காரர்: கடைக்காரர். கையில் மல்டிமீட்டர், வாயில் கேள்வி.

ஜரிகையார்: தம்பி, வண்டி அழுவுது.

வயர்க்காரர்: எங்கேருந்துங்க முதலாளி?

ஜரிகையார்: ஸ்பீக்கர்லேருந்து. உய்ய்ய்ங்னு. ஆக்சிலேட்டரை மிதிச்சா சுருதி ஏறுது, விட்டா இறங்குது. சம்பந்தர் இந்த ஊரைப் பாட வந்தப்போ முதல்ல சத்தத்தைத்தான் பாடினாரு. கழனியில வேலை செய்யற பொம்பளைங்க பாட்டு, விளையாட்டு, அந்த ஆரவாரம். இந்த உய்ங் அதுல இல்ல.

வயர்க்காரர்: அவருக்கு ஆல்டர்னேட்டர் இல்லாத பல்லக்கு. செட்டு வெளியில போட்டதா?

ஜரிகையார்: கம்பெனி ஃபிட்டிங்! ஷோரூம்ல எடுத்தப்போ இருந்ததுதான். ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் தொட்டதில்ல.

வயர்க்காரர்: ஸ்பீக்கரும் பழசுதானே?

ஜரிகையார்: அதை மாத்திட்டேன். நாலும். சத்தம் அதுலேருந்துதானே வருது?

வயர்க்காரர்: மாத்தினதும்?

ஜரிகையார்: முன்னைவிடத் தெளிவாக் கேக்குது. அவ்வளவு உசந்த ஸ்பீக்கர்.

வயர்க்காரர்: வேற என்ன வைத்தியம் பண்ணீங்க?

ஜரிகையார்: எலுமிச்சம்பழம் கட்டினேன். திங்கட்கிழமை மாகறலீஸ்வரருக்கு அர்ச்சனை பண்ணேன். மச்சான் வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பினான், அதுல சொன்னபடி பேட்டரியை மாத்தினேன்.

வயர்க்காரர்: அந்தக் கோயில் கதை ஞாபகம் இருக்குதா? பொன்னு உடும்பைத் துரத்திக்கினு வந்தவங்க கண்ணுல கடைசியா பட்டது என்ன?

ஜரிகையார்: உடும்பு புத்துக்குள்ள பூந்துடுச்சு. வால்தான் வெளிய தெரிஞ்சுது. அந்த வால்தானே இங்க லிங்கம்.

வயர்க்காரர்: ஸ்பீக்கர்ல நீங்க கேக்குறதும் வால்தான். உடும்பு வேற எங்கியோ கீது. சாவியைக் கொடுங்க.

(வயர்க்காரர் எஞ்சினைப் போடாமல் செட்டை மட்டும் போடுகிறார். பாட்டு சுத்தமாக வருகிறது. எஞ்சினை எழுப்புகிறார். உய்ய்ய்ங்.)

ஜரிகையார்: கேட்டியா? எஞ்சினே போயிடுச்சு.

வயர்க்காரர்: எஞ்சின் நல்லாத்தான் கீது. பெல்ட்டு ஆல்டர்னேட்டரைச் சுத்துது. அதுல வர்றது ஏசி கரண்ட்டு, மூணு ஃபேஸ். ஆறு டயோடு அதை டிசியா ஆக்குது.

ஜரிகையார்: ஆறா? ஆறுமுகனேதான்.

வயர்க்காரர்: ஆறுமுகனே வந்தாலும் முழுசா சமமா ஆகாது, சின்னச் சின்ன அலை நிக்கும். சாதாரணமா பன்னெண்டு காந்த முனை இருக்கற ஆல்டர்னேட்டர்ல ஒரு சுத்துக்கு 36 அலை. ஐடில்ல எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுத்து சுத்துது, ஆல்டர்னேட்டர் அதைப் போல ரெண்டரை மடங்குன்னு வையுங்க, செகண்டுக்கு 1,200 அலை. காது நல்லாக் கேக்குற இடம். மிதிச்சா 2,000, 3,000னு ஏறும். அதான் உங்க சுருதி.

ஜரிகையார்: அப்போ ஆல்டர்னேட்டரைக் கழட்டி எறி! எவ்வளவு ஆவும்? இருக்கறதுலேயே உசந்ததா போடு.

வயர்க்காரர்: கொஞ்சம் பொறுங்க. (பேட்டரியில் மீட்டரை வைக்கிறார்.) 14.1 வோல்ட். சார்ஜிங் சரி. மீட்டரை ஏசிக்குத் திருப்புறேன்... ஒண்ணும் பெருசா இல்ல. டயோடு போயிருந்தா இங்க அரை வோல்ட்டுக்கு மேல காட்டும். புது ஆல்டர்னேட்டர் போட்டாலும் இதே அலைதான் வரும். எல்லா வண்டியிலயும் இருக்குது, எல்லா வண்டியும் அழுவுதா? அலை பாட்டுக்குள்ள பூர்ற வழியைத்தான் தேடணும். வால்யூமைச் சுத்தமாக் குறைங்க.

ஜரிகையார்: குறைச்சா பாட்டு எப்படிக் கேக்கும்?

வயர்க்காரர்: பாட்டுக்காக இல்லீங்க. உய்ங் நிக்குதா?

ஜரிகையார்: ...நின்னுடுச்சு.

வயர்க்காரர்: வால்யூமோட சேர்ந்து குறையுதுன்னா, வால்யூமுக்கு முன்னாடியே உள்ள வந்துடுதுன்னு அர்த்தம். குறையாம அப்படியே இருந்திருந்தா ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் ஒயர்னு தேடணும். இப்ப நாலு ஸ்பீக்கரும் நிரபராதி.

ஜரிகையார்: பழைய நாலும்?

வயர்க்காரர்: அதுங்களும்தான். பரண்லேருந்து இறக்குங்க. இப்ப எஃப்எம் வெக்கறேன், 101.4.

(சென்னை வானொலி பேசுகிறது. உய்ங் இல்லை. ஜரிகையாருக்கு இது அவமானமாக இருக்கிறது.)

ஜரிகையார்: என் போன்ல பாடினா மட்டும் அழுவுதா?

வயர்க்காரர்: போனை எதுல இணைச்சிருக்கீங்க?

ஜரிகையார்: ஆக்ஸ் ஒயர்ல. ப்ளூடூத்துல பாட்டோட சத்து போயிடும்னு மச்சான் சொன்னான்.

வயர்க்காரர்: அந்த இன்னொரு ஒயரு?

ஜரிகையார்: சார்ஜரு. லைட்டர் சாக்கெட்டுல மூணு வாய் போட்டிருக்கேன். ஒண்ணு போனுக்கு. ஒண்ணு டேஷ்கேமுக்கு. ஒண்ணு டேஷ்போர்டு பிள்ளையாருக்கு, பின்னாடி ஏழு கலர் லைட்டு சுத்துது பாரு.

வயர்க்காரர்: ஒரு ஸ்க்ரூவைக்கூட தொடலைன்னீங்களே.

ஜரிகையார்: ஸ்க்ரூவைத் தொடலையே! எல்லாம் சொருவினதுதான்.

(சட்டப்படி இது சரியான பதில். பல வண்டிகளின் வாரன்ட்டி சண்டை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.)

வயர்க்காரர்: பிள்ளையாரை அணைக்கிறேன், மன்னிக்கணும். உய்ங் இருக்குது. பிள்ளையார் மேல குத்தமில்ல. டேஷ்கேம் எடுக்கறேன். இருக்குது. போன் சார்ஜரை...

(பிடுங்குகிறார். பாட்டு மட்டும் கேட்கிறது. ஜரிகையார் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து வருகிறார்.)

ஜரிகையார்: சார்ஜரு கெட்டுப் போச்சா?

வயர்க்காரர்: நல்ல சார்ஜருதான். போனுக்கு இப்ப ரெண்டு எர்த்து. சார்ஜர் வழியா லைட்டர் சாக்கெட்டோட எர்த்து ஒண்ணு, ஆக்ஸ் ஒயரோட மேலுறை வழியா செட்டோட எர்த்து ஒண்ணு. ரெண்டும் பாடியில வேற வேற இடத்துல மாட்டியிருக்குது. ஆல்டர்னேட்டர் கரண்ட்டு பாடியில ஓடறப்போ அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல துளியூண்டு வோல்ட் வித்தியாசம் வரும். அது ஆக்ஸ் ஒயர் வழியா ஓடுது. செட்டு அதையும் பாட்டுன்னு நெனச்சு பெருசு பண்ணிக் கொடுக்குது.

ஜரிகையார்: இதெல்லாம் நம்ம ஊர் ரோட்டுலதான் நடக்குமா?

வயர்க்காரர்: 1930ல அமெரிக்காவுல மோட்டரோலான்னு கார் ரேடியோ கொண்டாந்தப்பவே இந்தத் தொல்லைதான். அப்போ ஸ்பார்க் பிளக்கு. இன்னிக்கும் பேட்டரி கார் செய்யறவங்க சில பேரு மோட்டார் இரைச்சலுக்குப் பயந்து ஏஎம் ரேடியோவையே எடுத்துட்டாங்க.

ஜரிகையார்: சரி, இப்ப என்ன பண்ணணும்?

வயர்க்காரர்: ப்ளூடூத்துல கேளுங்க. இல்லாட்டி ஆக்ஸ்ல கேக்குறப்போ சார்ஜ் போடாதீங்க. ரெண்டும் வேணும்னா ஆக்ஸ் ஒயர் நடுவுல கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு ஒண்ணு போடலாம். உள்ள ரெண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். பாட்டு தாண்டும், அந்தக் கரண்ட்டு தாண்டாது. சில நூறு ரூபாதான்.

ஜரிகையார்: சில நூறா? பேட்டரி, ஸ்பீக்கர், அர்ச்சனை எல்லாம் பண்ணிட்டு வந்திருக்கேன்டா. சில நூறுல முடிஞ்சா வீட்டுல என்னை என்ன நெனப்பாங்க?

வயர்க்காரர்: இன்னிக்கு அதுவும் வேணாம். பிடுங்கிட்டேன், போய்ட்டு வாங்க.

ஜரிகையார்: உனக்கு எவ்வளவு?

வயர்க்காரர்: பிடுங்கினதுக்கு என்னங்க வாங்கறது.

ஜரிகையார்: அப்படிச் சொல்லாதே. மச்சான் பில்லு கேப்பான். நாலாயிரம்னு போடு, நான் ஐந்நூறு தர்றேன்.

வயர்க்காரர்: என்ன வேலைன்னு எழுதறது? சார்ஜர் பிடுங்கியதுன்னா?

ஜரிகையார்: சேச்சே. நீ சொன்னியே... ஆறு டயோடு, 36 அலை, மூணு ஃபேஸ். எல்லாத்தையும் எழுது.

வயர்க்காரர்: அதெல்லாம் நான் தொடவே இல்லீங்களே.

ஜரிகையார்: தொடலைன்னு யாருக்குத் தெரியும்? கீழ பெருசா, "கம்பெனி ஃபிட்டிங், கை வைக்கப்படவில்லை"ன்னு போட்டு சீல் குத்து. அப்புறம் அந்த சார்ஜரைக் கொடு, போன்ல 4 பர்சென்ட்டுதான் இருக்குது. போற வழியில போட்டுக்கணும்.