எவரெஸ்ட்டில் ஒரு சதவீதம்

சென்னைவாசிக்கு மலையேறும் ஆசை வருவது பெரும்பாலும் மைத்துனன் மூலமாகத்தான். என் மைத்துனன் வெள்ளியங்கிரியில் ஏழாவது மலைவரை ஏறிவிட்டு, மூங்கில் தடியும் கையுமாக நின்ற படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகப் போட்டான். என் மனைவி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கும்பிடு போட்டாள். பிறகு என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். வாய் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஜெயித்திருப்பேன்.

"ஞாயிற்றுக்கிழமை நாமளும் மலையேறப் போறோம்" என்று அறிவித்தேன்.

"எந்த மலை?"

"பரங்கிமலை."

"அங்க உச்சி வரைக்கும் ஆட்டோ போகுதேங்க."

என் வீட்டில் எந்தப் பெரிய திட்டத்துக்கும் இதுதான் கதி. ஆனாலும் நான் விடவில்லை. பரங்கிமலையின் உயரம் சுமார் 300 அடிதான். ஆனால் அதன் வரலாறு லேசுப்பட்டதல்ல. வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி 1802 ஏப்ரலில், நாமெல்லாம் மின்விசிறிக்கடியில் படுத்துக் கிடக்கும் பருவத்தில், 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டிப் பிடித்து, இந்த அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் அளந்தார். அந்த ஒரு கோட்டில் தொடங்கியதுதான் இந்தியாவின் மாபெரும் நில அளவை. முக்கோணம் முக்கோணமாக அது வடக்கே போய், கடைசியில் 1856-இல் எவரெஸ்ட்டின் உயரம் 29,002 அடி என்று சொல்லிவிட்டது. ஆக, எவரெஸ்ட்டின் தாய்வீடு பரங்கிமலை. உயரத்தைக் கணக்குப் பார்த்தால் எவரெஸ்ட்டில் ஒரு சதவீதம். ஒரு சதவீதத்தை இளக்காரமாக நினைக்கக் கூடாது. வைப்புநிதிக்கு அரை சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள் என்றால் வங்கியையே மாற்றுகிறவன் நான்.

ஒரு சதவீத மலைக்கு நூறு சதவீத ஏற்பாடு செய்தேன். கணுக்காலை மூடும் ஷூ, மடக்கினால் பைக்குள் அடங்கும் ஊன்றுகோல், குளுக்கோஸ் பொட்டலங்கள். "சார், இமயமலைக்கா?" என்று கடைப் பையன் மரியாதையோடு கேட்டான். "அந்த வகையறாதான்" என்றேன்.

படிகளைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் இன்றைக்கு மறைமலையடிகள் பாலம் இருக்கும் இடத்தில், 1726-இல் அடையாற்றின் மேல் பழைய மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. இவ்வளவு தாராளமான மனிதர் பாதி வழியில் ஒரு காபிக் கடைக்கும் ஏற்பாடு செய்திருக்கலாம். மொத்தம் எத்தனை படி என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு. நானே எண்ணித் தீர்த்து வைப்போம் என்று தொடங்கினேன். அறுபதைத் தாண்டியதும், எண்ணுவதற்கும் மூச்சு விடுவதற்கும் இருப்பது ஒரே வாய் என்ற உடற்கூறு உண்மை விளங்கியது. எண்ணுவதைக் கைவிட்டேன்.

வழிநெடுக சிலுவைப்பாதையின் 14 நிலைகள் உண்டு. பக்தர்கள் ஒவ்வொன்றிலும் நின்று ஜெபிக்கிறார்கள். நானும் ஒன்று விடாமல் நின்றேன். கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, உதடு துடிக்க நின்றேன். பார்க்கிறவர்களுக்கு ஜெபமும் மூச்சிரைப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். கையில் மெழுகுவத்திக் கட்டோடு, செருப்புகூட இல்லாமல் ஏறிவந்த ஒரு பாட்டி என் பக்கத்தில் நின்றார்.

"கீழேர்ந்து பாத்துக்கிட்டே வர்றேன் தம்பி. இவ்ளோ உருக்கமா வேண்டிக்கிறீங்களே, வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"எனக்குத்தாம்மா."

"மாதா பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி விறுவிறுவென்று போய்விட்டார். என் ஊன்றுகோலைத்தான் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

உச்சியில் போர்த்துகீசியர் 1523-இல் கட்டிய மாதா கோயில். என் மனைவியும் மகளும் ஆட்டோவில் வந்து, கோயிலுக்குள் போய்க் கும்பிட்டு, மரத்தடியில் புளியோதரையில் பாதியைத் தீர்த்திருந்தார்கள். நான் அங்கிருந்த சுவரைப் பிடித்துக்கொண்டு பேச்சு வருமா என்று சோதித்துப் பார்த்தேன்.

காட்சியைக் குறை சொல்ல முடியாது. கீழே மீனம்பாக்கம் ஓடுதளம். விமானம் இறங்குவதை மேலிருந்து குனிந்து பார்க்கும் சுகம், காசு கொடுத்து அதற்குள்ளேயே உட்கார்ந்தாலும் கிடைக்காது. மற்றபடி சென்னை மேலிருந்து பார்த்தால் மொட்டை மாடிகளும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும்தான்.

"நம்ம வீடு எதுப்பா?" என்றாள் மகள்.

"அதோ, அந்தக் கறுப்புத் தொட்டி."

"எல்லாமே கறுப்புத் தொட்டிதான்." கைபேசியில் வரைபடத்தைத் திறந்தாள். "நீங்க காட்டுறது போரூர் பக்கம். மடிப்பாக்கம் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு."

குடும்பத்தலைவன் இப்படிப்பட்ட நேரங்களில் திரும்பிப் பார்க்கக் கூடாது. பேச்சைத் திருப்ப வேண்டும். "லாம்ப்டனோட சங்கிலி நம்ம மடிப்பாக்கம் பக்கமாத்தான் பெரும்பாக்கம் போயிருக்கும், தெரியுமா? நம்ம தெரு வழியாவே போயிருந்தாலும் போயிருக்கும்" என்றேன்.

மனைவி புளியோதரைக் கையோடு நிமிர்ந்தாள். அன்று முழுக்க நான் சொன்னதில் அவள் காது கொடுத்துக் கேட்டது இது ஒன்றைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவரை அரை அடி நம் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டார் என்பது அவளுடைய நெடுநாள் வழக்கு. சர்வேயருக்கு மனு கொடுத்துக் காத்திருக்கிறோம்.

"அப்போ நம்ம மனையோட அளவை அந்த மனுஷன் அன்னிக்கே எழுதி வச்சிருப்பாரே?"

ஆட்டோவில் இறங்கும் வழியெல்லாம், அந்த வெள்ளைக்காரர் கணக்கின் நகல் எந்த அலுவலகத்தில் கிடைக்கும், எத்தனை ரூபாய் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.