கள்ளனும் குள்ளனும்

என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். அதுவும் காலையில் எழுந்த கையோடு அளந்தால்தான். டவுன் பஸ்ஸின் மேல்கம்பி எனக்கு வானவில் மாதிரி; பார்க்கலாம், பிடிக்க முடியாது. சொந்தப் பாட்டியே, "கள்ளனை நம்பினாலும் நம்பலாம், குள்ளனை நம்பக் கூடாது" என்று சொல்லிக்கொண்டேதான் எனக்குச் சோறு பிசைந்து போட்டாள்.

எனவே, 1977-ல் ராண்டி நியூமன் என்ற அமெரிக்கப் பாடகர் 'ஷார்ட் பீப்பிள்', அதாவது 'குள்ள மனிதர்கள்' என்று பாடி எங்கள் இனத்தை வாங்கு வாங்கென்று வாங்கினார் எனத் தெரிந்தபோது எனக்கு அதிர்ச்சி இல்லை. ஏதோ சொந்த ஊர் ஞாபகம்தான் வந்தது. பாட்டு இருந்த ஆல்பத்தின் பெயர் 'லிட்டில் கிரிமினல்ஸ்'. சின்னத் திருடர்கள்! பாட்டியைக் கேட்டுத்தான் பெயர் வைத்திருப்பார் போல.

நியூமனின் தொழில் ரகசியம் ஒன்றுதான். முட்டாளின் வேஷத்தைக் கட்டிக்கொண்டு, முட்டாளின் வாயாலேயே பாடுவார். நடுவில் குரல் மாறி, எல்லாரும் ஒன்றுதான் என்று ஒரு கண்ணியும் வரும். ஈகிள்ஸ் ராக் குழுவினர் சிலர் கூடவே சேர்ந்து பாடுவார்கள். ஆனால் அதற்குள் அமெரிக்கக் குள்ளர்கள் கோபத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். நின்றது பலருக்குத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

1978-ல் மேரிலாந்து சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், பாட்டை வானொலியில் ஒலிபரப்பத் தடை கேட்டு மசோதாவே கொண்டுவரப் பார்த்தார். பேச்சுரிமைக்கு ஒத்துவராது என்று சட்ட ஆலோசகர்கள் சொல்லிவிட்டார்கள். பாட்டோ பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. விமர்சகர்கள் நியூமனை வருஷக்கணக்காகப் புகழ்ந்தும் நகராத தேரை, புரியாதவர்கள் திட்டியே இழுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் என் மனைவியின் அண்ணனுக்கு விளக்கினேன். ஆறடி ஆள். பாட்டைப் போட்டு, வரிக்கு வரி பொருளும் சொன்னேன். கண்ணை மூடி, தலையை ஆட்டி, முழுசாகக் கேட்டார்.

"மாப்ள, கரெக்டாத்தான் பாடியிருக்கான்!"

"மச்சான், அது கிண்டல்."

"கிண்டலா இருந்தா என்ன? உண்மை உண்மைதானே!"

கோபித்துக்கொண்டவர்களாவது பாட்டில் ஏதோ தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இவருக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

போகும்போது ஸ்பீக்கரைப் பத்திரமாக எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போனார். மறுபடி அந்தப் பாட்டைக் கேட்க முக்காலி தேடிக்கொண்டிருக்கிறேன்.