மிஸியின் பாக்கெட்: ஒரு தொல்லியல் முன்னுரை

கேமரன் மலையின் எழுதப்பட்ட வரலாறு ஒரு குறிப்பேட்டுக் கோளாறில்தான் தொடங்குகிறது. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் பகாங்கின் இந்த மேட்டு நிலத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார். பார்த்த இடத்தை வரைபடத்தில் ஒழுங்காகக் குறிக்காமல் விட்டுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர் சொன்ன மேடு எது என்று நெடுங்காலம் தலையைச் சொறிந்தார்கள். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்து, இதை மலைவாசத்தலமாக்கலாம் என்று சொன்ன பிறகே காரியம் நகர்ந்தது. கேமரன் கூடவே ஒரு தாதியையும் அழைத்துப் போயிருந்தால் இந்த நாற்பது ஆண்டுத் தாமதம் நேர்ந்திராது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக்களம், ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும், சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய அண்டை மலைகளும். எடை போடுவதில் சலிக்காத ஊர் இது. கொழுந்து நிறுக்கப்படும், தோட்ட எழுத்தரான கிராணி கணக்கில் ஏற்றுவார், தொழிற்சாலையில் வாட்டிய பிறகு மறுபடியும் நிறுக்கப்படும். மிஸியின் பாக்கெட்டுக்குத்தான் கணக்கில்லை. (மலேசியத் தமிழருக்குத் தாதி என்றால் பத்திரிகையில் தாதி, வாயில் மிஸி.) அவருக்கு முன்னோடியான டிரஸ்ஸரை, அதாவது தோட்ட மருத்துவமனை உதவியாளரைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது. ஆளைப் பதிந்தார்கள், பாக்கெட்டைப் பதியவில்லை.

தாதியின் பாக்கெட்டில் கிடைத்ததாக வரலாறு சொல்லும் மிகப் பழைய பொருள் ஓர் ஆந்தை. 1850இல் ஏதென்ஸ் போயிருந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல், சிறுவர்களிடம் சிக்கித் தவித்த ஒரு குஞ்சை மீட்டு, ஏத்தினா என்று பெயரிட்டு, பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு ஊர் சுற்றினார். பாடம் செய்யப்பட்ட அந்தப் பறவை இன்றும் லண்டனில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆந்தை போன இடத்தில் பிற்காலத்தார் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டார்கள். இரவில் கண் தெரிய வேண்டும் என்ற தேவை அப்படியே தொடர்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

இனி அகழாய்வு. மேலடுக்கு பாக்கெட்டுக்கு வெளியே, நெஞ்சில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம். எதிரே நிற்பவருக்குத்தான் அது தலைகீழ். குனிந்து பார்க்கும் மிஸிக்கு நேராகத் தெரியும். மணிக்கட்டில் கட்டினால் கை கழுவ இடைஞ்சல், கிருமிக்கும் குடியிருக்க இடம். நாடி எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தை ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஃப்ளோயர் 1707இல் அறிமுகப்படுத்தினார் என்பதால், இந்த அடுக்கின் வயது முந்நூறுக்கு மேல். நடு அடுக்கில் கத்தரி, பிளாஸ்டர், பஞ்சு. பிளாஸ்டர் தாராளமாக வேண்டும். இங்கே அட்டைக்கடி அப்படி. அட்டையின் எச்சில் ரத்தத்தை உறைய விடாது; புழு விழுந்து வெகுநேரம் கழித்தும் கால் ஒழுகிக்கொண்டே இருக்கும். அடி அடுக்கில் ஹேர்பின், ஊசிக்குப் பயப்படும் பிள்ளைக்கு மிட்டாய், பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோவில் திருநீற்றுப் பொட்டலம். மிட்டாய் மருந்தா லஞ்சமா என்பது தனி ஆய்வுக்குரியது.

வீடு வீடாகப் போகும் சமூகத் தாதியிடம் பாக்கெட்டோடு ஒரு பையும் உண்டு. அதைத் தரையிலோ கட்டிலிலோ அப்படியே வைக்கக் கூடாது, பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல்தான் வைக்க வேண்டும், கை கழுவிய பிறகே உள்ளே கை விட வேண்டும் என்று பயிற்சி நூல்கள் விதிக்கின்றன. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனுக்கு வாசகர்கள் போக இப்படியும் ஒரு பயன் இருந்திருக்க வாய்ப்புண்டு. இதழியல் வரலாற்றாசிரியர்கள் கவனிக்க.

குறிப்பெடுப்பதற்கு வருவோம். மிஸியின் முதல் ஏடு உள்ளங்கை. அது நிறைந்தால் புறங்கை, அப்புறம் தொடையில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டர்த் துண்டு, அதற்கும் அப்புறம் கையுறை வந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கம். இந்த இலக்கியத்தில் வினைச்சொல் அரிது. ‘நாலாவது லயம் பாட்டி, 160/90, சாயந்தரம்.’ ‘காது வலி, அண்ணன், தம்பி இல்ல.’ ‘வெண்டைக்காய்.’ மூன்றாவது வரி நோயாளி சொன்ன உணவா, வீட்டுக்கு வாங்க வேண்டியதா என்பதில் உரையாசிரியர்கள் குழம்பலாம், எழுதியவர் குழம்பமாட்டார். நடையின் இறுக்கத்துக்குக் காரணம் புலமையன்று, இடப்பற்றாக்குறை. கையின் அகலமே அடியின் நீளம்.

இந்த ஏட்டுக்கு இரண்டு பகைவர்கள். ஒன்று, தட்பவெப்பம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மூடுபனி சன்னல் வழியே உள்ளே வந்து உட்காரும். ஈரம் ஏறிய தாளில் பேனா வழுக்கும். மற்றொருவர் இக்னாஸ் செம்மல்வைஸ். பிரசவம் பார்க்குமுன் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று 1847இல் வியன்னாவில் அவர் வற்புறுத்தியதில் தாய்மார் சாவு சரிந்தது. உள்ளங்கைச் சுவடிகளும் அன்று முதல் அழியத் தொடங்கின. இப்போதைய ஆல்கஹால் திரவம் இன்னும் வேகம்: ஒருமுறை தேய்த்தால் காலை முழுவதும் போச்சு. ஆகவே ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே, கை கழுவுவதற்குள், கையில் இருப்பது புத்தகத்துக்குப் போயாக வேண்டும். உலகிலேயே சோப்புக்குப் பயந்து பதிப்பிக்கப்படும் எழுத்து இதுதான்.

புத்தகம் வந்ததும் நடை மாறிவிடுகிறது. தாய்மாரின் பிங்க் புக்கில் எடை, ரத்த அழுத்தம், சிறுநீர்ச் சோதனை எல்லாம் கட்டம் கட்டமாக ஏறும். நிறச் சீட்டும் உண்டு: வெள்ளை என்றால் தாதியே பார்த்துக்கொள்வார், பச்சைக்குக் கிளினிக் டாக்டரும் கூட வேண்டும், மஞ்சளுக்கு நிபுணர், சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மருத்துவமனை என்பது தானா ராத்தாவோடு நிற்காது. மாநிலம் பகாங் ஆனாலும் பெரிய வைத்தியத்துக்கு மலையிறங்கிப் பேராக்கின் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் நோயாளி பேசும் நிலையில் இருக்கமாட்டார், மிஸி எழுதிக் கொடுத்த கடிதம்தான் பேச வேண்டும். அதனால் தப்பாக எழுதியதை மை பூசி மறைப்பதற்கு இடமில்லை. ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்தும் நேரமும் போட வேண்டும். தன் பிழையை இப்படி எல்லாரும் படிக்கும்படி விட்டுவைக்கும் எழுத்தாளரைத் தமிழிலக்கியத்தில் தேடினால் சிரமம்தான்.

எஞ்சுவது பேனா. பிக் நிறுவனம் 1970இல் வெளியிட்ட நான்கு வண்ணப் பேனா இந்தத் தொழிலுக்கென்றே செய்தது போலிருக்கும். நீலமும் கறுப்பும் முதலில் தீரும். இரவுப் பணிக் குறிப்பைச் சிவப்பில் எழுதும் பழைய வழக்கம் பல மருத்துவமனைகளில் இருந்ததால் சிவப்புக்கும் வேலை கிடைத்தது. பச்சை மட்டும் மிஞ்சுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலை நிற்கும் ஊரில் பச்சைக்கு யாரும் ஏங்குவதில்லை என்பது ஒரு சாரார் கட்சி. டாக்டர் இரவல் வாங்கிய பேனா திரும்பி வருவதே இல்லை, ஆகவே எந்த மையும் தீரும்வரை எந்தப் பேனாவும் மிஸியிடம் இருந்ததில்லை, கேள்வியே தவறு என்பது மறு சாரார் கட்சி. டாக்டர்களின் பாக்கெட்டைத் தோண்ட அனுமதி கிடைத்தால் இதற்கு முடிவு தெரியும்.